கொசுறு இல்லாத ஷாம்பூ

மனைவியின் ஐந்து விரல்கள் கணவனின் தலைமுடிக்குள் இறங்கி, நெற்றியில் தொடங்கிப் பிடரி வரைக்கும் ஒருமுறை போய்வருவதற்கு விலையே கிடையாது என்று சொல்கிறவர்கள் கடைத்தெருவில் பழகாதவர்கள். விலை உண்டு. முந்நூறு மில்லி ஷாம்பூ பாட்டில் ஒன்று, அட்டையில் அச்சடித்த விலை, ஒரு காசு குறைவில்லாமல். அந்த விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தவர் திரைச்சீலைக் கடை முதலாளி. அவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார் என்றால் இன்றைக்கும் அந்தத் தெருவில் பாதிப் பேர் நம்புவதில்லை. ஏனென்றால் அங்கே அவருக்கு வழங்கும் பெயர் அரைவிலை.

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது கடை உரிமத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பத்திரமாகத் தூங்கியது. மற்றபடி அவர் அரைவிலைதான். யார் என்ன விலை சொன்னாலும் அதில் பாதியிலிருந்து பேச்சை ஆரம்பிப்பார். பல் வைத்தியரிடம், "ஒண்ணுக்கு இவ்வளவுன்னா, பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கினா எவ்வளவு குறைப்பீங்க?" என்று வாயைத் திறந்தபடியே கேட்டவர். விலை படிந்ததும் மற்றவர்கள் பணத்தை எடுப்பார்கள், அரைவிலை அப்போதுதான் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, "அது சரி, கொசுறு என்ன?" என்பார். வாங்கிய பொருளோடு இனாமாக ஏதாவது ஒட்டிக்கொண்டு வர வேண்டும். வராவிட்டால் அன்று முழுக்க ஏமாந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கொசுறுதான் கடைசியில் அவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவருடைய நிரந்தர வாடிக்கைக்காரர்கள் முடிதிருத்தும் கடைக்காரர்கள். இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு திரை, தலை கழுவும் இடத்தில் ஒரு திரை, வாசலில் ஒரு திரை. ஆவியும் சாயமும் பட்டு அவை சீக்கிரம் பாழாகும், சீக்கிரம் மாற்றுவார்கள். வாங்கும்போது மட்டுமல்லாமல் விற்கும்போதும் கொசுறு கேட்கிற ஒரே வியாபாரி அவர்தான் என்பதால், பில்லை நீட்டுவதற்கு முன்பே ஒரு ஜெல் குழாயையோ மெழுகு டப்பாவையோ கையில் திணித்து அனுப்பிவிடுவார்கள். முடியைப் படிய வைக்கிற ஜெல், படிந்ததை எழுப்பி விடுகிற மெழுகு, எழுந்ததை அப்படியே நிறுத்தி வைக்கிற ஸ்பிரே, நின்றதைப் பளபளப்பாக்குகிற சீரம். இனாமாக வந்ததைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது சொந்தப் பணத்தை அடுப்பில் போடுவதற்குச் சமம் என்பது அவர் கட்சி. ஆகவே எல்லாமே தினமும் தலைக்குள் போயின. வெளியே மட்டும் எதுவும் வரவில்லை. குளிக்கிற சோப்பையே தலையிலும் ஓர் இழுப்பு இழுத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, "கழுவி விடுறதுக்கா சரக்கைப் போட்டோம்?" என்பார்.

நாளடைவில் அந்தத் தலை ஒரு காட்சிப் பொருளாகிவிட்டது. காற்றடித்தால் கடை வாசலில் தொங்கும் அத்தனை திரைகளும் ஆடும். முதலாளியின் முடி ஆடாது. துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியைக் காதோரம் செருகி வைத்தால், சாயங்காலம் அவரே தேடி எடுக்கும்வரை அது நகராது. ஒரு தடவை பித்தளைத் திரைக் கம்பி ஒன்று பரணிலிருந்து அவர் தலைமேல் விழுந்தது. கம்பிதான் வளைந்தது என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். அவரோ கண்ணாடி முன் நின்று முன்மண்டையைத் தட்டிப் பார்த்து, "அடர்த்தின்னா இது அடர்த்தி" என்று மெச்சிக்கொள்வார்.

கடைக்கு மேலேயே வீடு. கடையின் பின்னறையில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து திரைகளுக்கு ஓரம் மடித்துத் தைப்பது அவர் மனைவியின் வேலை. ஷட்டரை இறக்கிவிட்டு மேலே வந்ததும் சோபாவின் ஒரு முனையில் அவள் உட்காருவாள். மறு முனையில் காலை நீட்டி, அவள் மடியில் தலையை வைத்து இவர் படுப்பார். அவள் கண் தொலைக்காட்சியில் இருக்கும். கை அவர் தலையில் இருக்கும். அன்றைக்கு யாரிடம் எவ்வளவு பேரம் பேசினார், எவன் எப்படி மடங்கினான் என்று இவர் சொல்லிக்கொண்டே போவார். அவள் "ம்" கொட்டிக்கொண்டே கோதுவாள். மூன்றாவது வாடிக்கைக்காரர் கதைக்குள் அவர் குறட்டை விட்டுவிடுவார். கல்யாணம் ஆன நாளாக அதுதான் அவருக்குத் தூக்கத்துக்கு வழி. வேறு வழி அவருக்குத் தெரியாது.

ஒருநாள் அந்தக் கை பாதி வழியில் நின்றது. அவள் விரல்களை மெல்ல உருவிக்கொண்டாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, சோபாவில் உட்காராமல் தனி நாற்காலியில் உட்கார்ந்தாள். காலியாக இருந்த அவள் மடியில் அடுத்த வீட்டுச் சாம்பல் நிறப் பூனை, ஏதோ முன்பணம் கட்டி வைத்திருந்த மாதிரி, ஏறிப் படுத்துக்கொண்டது. அதன் முதுகில் அவள் விரல்கள் சரளமாக ஓடின.

"என்ன, இன்னிக்குக் கை வரலை?" என்றார் அரைவிலை.

"எங்க வர்றது? போன கை உள்ள மாட்டிக்கிச்சு. இழுத்தா உங்க தலையும் சேர்ந்து வருது."

"அடர்த்தி அப்படி."

"அடர்த்தியா இது? கஞ்சி போட்ட துணி கூடப் பரவாயில்லைங்க. நேத்து உங்க தலையைத் தொட்ட கையோட அந்த வெள்ளைத் திரையை எடுத்துட்டேன். அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சு போச்சு. மொத்தத்தையும் பிரிச்சுத் துவைச்சுத் திரும்பத் தைச்சேன். இனிமே என்னால ஆகாது."

"அப்போ பூனையை மட்டும் தொடுறே?"

"அது மெழுகு பூசிக்கிட்டா வருது?"

 அன்றைக்கு அவருக்குத் தூக்கம் இல்லை. அடுத்தடுத்த நாட்களிலும் இல்லை. தூக்கம் கெட்ட வியாபாரி எப்படி இருப்பான்? வழக்கமாகப் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பிக்கிறவர், ஒருத்தன் முழு விலை சொன்னபோது கொட்டாவி விட்டுக்கொண்டே "சரி" என்றுவிட்டார். சொன்னவனே பயந்துபோய் விலையைக் குறைத்துக்கொண்டான். அதைவிடப் பெரிய அவமானம் மாலைதோறும் காத்திருந்தது. பூனை கண்ணை மூடி, தாடையை நீட்டிக் கொடுத்துக்கொண்டு, இவரை ஒரு கண்ணால் பார்க்கும். தன் இடத்தில் ஒரு பூனை குடியேறிவிட்டது, அதுவும் வாடகை இல்லாமல் என்று அவருக்கு நெஞ்சு எரியும்.

மனைவியின் தம்பி கடையில்தான் வேலை பார்த்தான். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளந்து, கம்பி பொருத்திவிட்டு வருகிறவன். போகிற வீட்டில் எல்லாம் ஜன்னலோடு சேர்த்து வீட்டு விவகாரத்தையும் அளந்துகொண்டு வருவான்.

"அத்தான், இதுக்குன்னே தனியா ஷாம்பூ இருக்கு" என்றான். "மேல படிஞ்சு கிடக்கிறதை எல்லாம் அடிவேர் வரைக்கும் கழுவி எடுத்துருமாம். நேத்து ஒரு வீட்டுல சொன்னாங்க. எதிர்க் கடையிலேயே கிடைக்கும்."

"விலை என்ன இருக்கும் மாப்ளே?"

"தலை போற விஷயத்துல விலையைப் பார்க்காதீங்க அத்தான்."

"தலை போனாலும் பாதி விலைக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு அரைவிலை தெருவைக் கடந்தார்.

எதிரே இருந்தது அழகுப்பொருள் கடை. ஆள் ஒருவர் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்குத்தான் உள்ளே வழி. இரண்டு பக்கமும் கூரை வரை பாட்டில்கள், நடுநடுவே கண்ணாடிகள், எல்லா வாசனையும் கலந்து எந்த வாசனை என்று தெரியாத ஒரு வாசனை. கடைக்காரம்மா அவரைக் கண்டதும் கால்குலேட்டரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அரைவிலை "தங்கச்சி" என்று கூப்பிட்டால் விலையைக் குறைக்கச் சொல்கிறார் என்று அர்த்தம். கடைக்காரம்மா "அண்ணே" என்று கூப்பிட்டால் குறைக்க மாட்டேன் என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் அது நன்றாகத் தெரியும்.

"தங்கச்சி, தலையில படிஞ்சதை எடுக்கிற ஷாம்பூ வேணும்."

"அண்ணே, வாங்க, எந்தத் தலைக்குன்னு கேட்கவே வேண்டாம்" என்று எழுந்து வந்து இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். ஒன்றில் இருந்தது தெள்ளத் தெளிவாக, பாட்டிலின் மறுபக்கத்து எழுத்து தெரிகிற மாதிரி. இன்னொன்று முத்து நிறத்தில், கெட்டியாக, சாய்த்தால் அசைய மனமில்லாமல் அசைந்தது.

அரைவிலை முதல் பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஜன்னல் துணியைச் சோதிக்கிற அதே பார்வை. அவர் தொழிலில் வெளிச்சம் ஊடுருவுகிற துணி மட்டம்; இருட்டை அப்படியே நிறுத்துகிற துணி உசத்தி.

"இது என்ன, தண்ணி மாதிரி இருக்கு?"

"அதுதாண்ணே உங்களுக்கு வேண்டியது. கழுவுறதைத் தவிர வேற ஒரு வேலையும் செய்யாது. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போட்டாப் போதும்."

"மாசம் பூரா சும்மா இருக்கிறதுக்கு இந்த விலையா? இது என்ன விலை?" முத்து நிறப் பாட்டிலைச் சுட்டினார்.

"அது வேறண்ணே. அதுல ஷாம்பூவும் கண்டிஷனரும் சேர்ந்தே இருக்கு. ஒண்ணுல ரெண்டு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அரைவிலையின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று.

"ஒரு விலைக்கு ரெண்டா?"

"வேண்டாண்ணே. அது ஒரு கையால கழுவி, இன்னொரு கையால பூசிட்டுப் போகும். உங்க தலை இருக்கிற நிலைமைக்கு..."

"பூசட்டுமே தங்கச்சி. பூசுறதுக்குத் தனியாவா காசு கேட்குது?"

நல்ல பேச்சைக் கேட்கிற ஆளா அவர்? பேசிப் பேசி, முக்கால் விலைக்கு முடித்து, கொசுறாக ஒரு சீப்பும் பிடுங்கிக்கொண்டு வெற்றிவீரராக வீடு திரும்பினார். அன்று மாலை தலையை அலசித் துடைத்துவிட்டுச் சோபாவில் வந்து படுத்தார். மனைவி ஒரு விரலை மட்டும் நீட்டி, சூடான தோசைக் கல்லைச் சோதிப்பதுபோல் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஒட்டுச்சு. இன்னிக்கு வழுக்குது" என்றாள். அந்த விரலை அவர் சட்டைத் தோளிலேயே துடைத்தாள். "மேல மேல பாலிஷ் போட்ட கதவு மாதிரி இருக்கு." பூனை கிட்டே வந்து முகர்ந்து பார்த்தது. இரண்டு தும்மல் போட்டுவிட்டு அவள் மடிக்குத் திரும்பியது.

மறுநாள் காலை கடை திறந்த கையோடு அவர் மறுபடியும் எதிர்ப்பக்கம்.

"தங்கச்சி, அந்தத் தண்ணிப் பாட்டிலையே குடு. பாதி விலை."

"அண்ணே, அது மட்டும் முடியாது. அச்சடிச்ச விலைதான். கம்பெனிக்காரன் எனக்கே அதுல ஒண்ணும் விடுறதில்லை."

"கொசுறு?"

"அதுக்குக் கொசுறும் கிடையாதுண்ணே. அது எனக்கே லாபம் இல்லாத சரக்கு."

விலை குறையாத பொருள், கொசுறும் இல்லாத பொருள். அப்படி ஒன்றை உலகத்தில் எதற்காகத்தான் தயாரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. விடைபெறுகிற சாக்கில் அலமாரிகளை ஒரு சுற்று மேய்ந்தார். மூன்றாவது தட்டில், பளபளப்புச் சீரம் ஒன்றின் பெட்டி முதுகில், அதே தெளிந்த ஷாம்பூ ஒரு சிறு பொட்டலமாக ஒட்டவைக்கப்பட்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'இலவசம்'.

அரைவிலை சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு கடைக்காரம்மா கால்குலேட்டரின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, யோசிச்சுப் பாருங்க. அந்தச் சீரத்தைக் கழுவி எடுக்கிறதுக்குத்தான் அந்த ஷாம்பூ. அந்தச் சீரத்தையே வாங்கிட்டுப் போனா..."

"சீரத்துக்குக் காசு, ஷாம்பூ சும்மா. எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்காதே தங்கச்சி."

இந்த முறை குளியலறையில் உண்மையாகவே ஒரு அதிசயம் நடந்தது. பொட்டலத்தைப் பிரித்துத் தேய்த்து, வெந்நீரில் அலசி முடித்தபோது அவருடைய விரல்கள் அவருடைய தலைக்குள்ளேயே இறங்கின. முழுக்க இல்லை, மேலாக, ஓர் அங்குலம். அவருக்கே உடம்பு சிலிர்த்தது. இன்னும் இரண்டு நிமிடம் அவர் சும்மா இருந்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஆனால் எதிரே சோப்புத் தட்டில் சீரம் நின்றது. காசு கொடுத்து வாங்கிய சீரம். அதை அப்படியே விட்டுவிட்டுப் போவதா? உள்ளங்கையில் ஊற்றி, தேய்த்து, கைக்கு மிச்சமிருந்ததை மீசைக்கும் தடவிக்கொண்டு வெளியே வந்தார்.

மனைவி அவர் தலையைத் தொடவே இல்லை. வாசனையிலேயே புரிந்துகொண்டாள். எழுந்து நேராகக் குளியலறைக்குள் போய், கிழிந்த பொட்டலத்தை ஒரு கையிலும் சீரம் பாட்டிலை மறு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இதைப் போட்டுக் கழுவினீங்க."

"ஆமா."

"கழுவிட்டு இதைப் பூசினீங்க."

"வாங்கினதாச்சே!"

"ஏங்க, உங்களுக்கு என் கை வேணுமா, கொசுறு வேணுமா?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அதைக் கேட்கும்போது அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. பேரத்தில் எதிராளி கத்தினால் அரைவிலை பயப்படுவதில்லை. எதிராளி களைத்துப்போய்க் கடையைக் கட்டப் போகிறான் என்று தெரிந்தால்தான் பயப்படுவார். அவர் வாயைத் திறந்தார். வழக்கமாக அங்கே தயாராக நிற்கிற 'ரெண்டும்' என்ற பதிலை முழுங்கினார்.

அடுத்த நாள் பட்டப்பகலில், தெருவில் நல்ல நடமாட்டம் இருக்கும்போது அவர் எதிர்க் கடைக்குள் போனார். கடைக்காரம்மா வழக்கம்போல் கால்குலேட்டரை இழுத்தார்.

"அந்தத் தண்ணிப் பாட்டில் ஒண்ணு."

"அண்ணே, நேத்தே சொல்லிட்டேன். அச்சடிச்ச..."

அவர் பணத்தை மேசைமேல் வைத்தார். கடைக்காரம்மா எண்ணினார். திருப்பி எண்ணினார். ஒரு நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நல்ல நோட்டுதான்.

"அண்ணே, முழுசா இருக்கு."

"இருக்கட்டும்."

"கொசுறு?"

"வேண்டாம்."

கடைக்காரம்மாவின் கை கால்குலேட்டரிலிருந்து வழுக்கி விழுந்தது. இத்தனை வருஷமாக அவரிடம் கொசுறு கொடுக்காமல் தப்பிப்பதே தன் தொழில் திறமை என்று நினைத்திருந்தவர், இப்போது தானே ஓடிப்போய் ஒரு ஜெல் குழாயை எடுத்து வந்தார். "இதையாவது எடுத்துக்குங்கண்ணே. புதுசு. சும்மாதான்."

அரைவிலை அந்தக் குழாயைப் பார்த்தார். பச்சை நிறக் குழாய், தங்க நிற மூடி, உள்ளே நீர்க்குமிழி மாதிரி ஜெல். அவருடைய வலது கை அவரைக் கேட்காமலே நீண்டது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"வேண்டாம் தங்கச்சி. கெஞ்சிக் கேட்கிறேன், உள்ள வை."

"அண்ணே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

அவர் தெருவைக் கடந்து முடிப்பதற்குள் செய்தி அவரைக் கடந்து போய்விட்டது. அரைவிலை முழு விலை கொடுத்தாராம். கொசுறு கொடுத்தும் வேண்டாம் என்றாராம். பாத்திரக் கடைக்காரர், "நல்ல மனுஷன், இப்படி ஆயிடுச்சே" என்றார். செருப்புக் கடைக்காரர் தன்னிடம் அவர் வைத்திருந்த பழைய பாக்கியைக் கேட்கலாமா, இந்த நேரத்தில் கேட்டால் நன்றாக இருக்குமா என்று யோசித்தார். ஊரின் மறு கோடியில் ஏணிமேல் நின்று கம்பி பொருத்திக்கொண்டிருந்த மைத்துனனுக்குத் தொலைபேசி போனது. அவன் கம்பியின் ஒரு முனையை மட்டும் மாட்டிவிட்டு ஓடி வந்தான்.

அவன் வந்து சேர்ந்தபோது அரைவிலை குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான்! டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டர்? போடா அந்தப் பக்கம்."

"எங்ககிட்ட மறைக்காதீங்க அத்தான். எதுவா இருந்தாலும் நாங்க இருக்கோம். அக்கா, நீயாவது கேளு!"

தையலைப் பாதியில் விட்டுவிட்டு அக்காவும் மேலே வந்து நின்றாள். விஷயத்தைத் தம்பி மூச்சிரைக்கச் சொன்னான். முழு விலை என்றதும் அவள் புருவம் உயர்ந்தது. கொசுறு வேண்டாம் என்றாராம் என்றதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நிஜமாவா வேண்டாம்னாரு?"

"தெருவே சொல்லுது அக்கா."

உள்ளிருந்து ஒரு கூச்சல் வந்தது. "ஏமாத்திட்டா! நுரையே வரலை! தண்ணியை ஊத்தி வித்திருக்கா!"

"பாட்டில் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிங்க!" என்று அவள் கதவுக்கு வெளியே இருந்து கத்தினாள்.

பாட்டில் உருளும் சத்தம். பிறகு திணறித் திணறிப் படிக்கும் சத்தம்: "முதல் தடவை... நுரை குறைவா இருக்கும்... படிஞ்சது கரையுது... அலசிட்டு ரெண்டாவது தடவை போடவும்..." மறுபடியும் தண்ணீர்ச் சத்தம்.  ஒரு கட்டத்தில் "ஆஹா" என்று ஒரு குரல் கேட்டது, திருப்தியானவன் குரல். வாளி நிரம்பி வழிகிற மாதிரி நுரை வழிந்து கதவிடுக்கு வழியே வெளியே எட்டிப் பார்த்தது.

அப்புறம் கேட்டது அலறல்.

"போச்சு! எல்லாம் போச்சு! முடி போச்சு!"

மைத்துனன் கதவை இடித்தான். உள்ளே அரைவிலை மண்டியிட்டு, தண்ணீர் போகிற துளையின் சல்லடையைக் கழற்றித் தேடிக்கொண்டிருந்தார். முடி ஒன்றுகூட அங்கே இல்லை. சாம்பலும் பழுப்புமாக ஒரு பிசுபிசுப்புத்தான், வருஷக்கணக்கான கொசுறு, மொத்தமாகச் சல்லடையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். கொட்டவில்லை, ஆனால் அவர் அடர்த்தி என்று கொண்டாடியதில் பாதி முடி, பாதி சரக்கு. சரக்கு போனதும் உச்சியில், ஒரு சின்னத் தட்டு அளவுக்கு, வெறும் தலை தெரிந்தது. அது இவ்வளவு நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது. அவருக்குத்தான் தெரியவில்லை.

துண்டால் தலையை இறுக்கி மூடிக்கொண்டு வெளியே வந்தார். யார் கண்ணையும் பார்க்கவில்லை.

"அத்தான், ஒரு தடவை காட்டுங்க."

"நீ போய் அந்தக் கம்பியோட இன்னொரு முனையை மாட்டிட்டு வா."

"சும்மா பார்த்துட்டு..."

"போடா!"

அவன் போனான். போகிற வழியெல்லாம் அத்தான் பிழைத்துக்கொண்டார், திட்டுகிறார் என்று தெருவுக்குச் சொல்லிக்கொண்டே போனான்.

பொழுது சாய்ந்திருந்தது. அரைவிலை சோபாவில் உட்கார்ந்தார். படுக்கவில்லை. கையை வாங்குவதற்காகத்தான் தலையைக் கழுவினார். கழுவிய பிறகு, கையை வைக்கவே அங்கே இடம் இல்லையோ என்று பயமாக இருந்தது. முழு விலை கொடுத்து, இருந்ததையும் தொலைத்த முதல் வியாபாரி நாம்தான் என்று நினைத்துக்கொண்டார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பூனை கீழே நின்று இருவரையும் பார்த்துவிட்டு, நிலவரம் சரியில்லை என்று கண்டு, ஜன்னல் வழியே தன் சொந்த வீட்டுக்குப் போய்விட்டது.

"துண்டை எடுங்க."

"வேண்டாம். பாதிதான் இருக்கு."

"பாதி விலைன்னா உங்களுக்குப் பிடிக்குமே?" என்று சொல்லி அவளே துண்டை உருவினாள்.

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தார். சிரித்தாள்தான். ஆனால் சிரித்துக்கொண்டே அவர் தோளைப் பிடித்துச் சாய்த்து மடியில் போட்டுக்கொண்டாள். ஐந்து விரல்களும் நெற்றியில் இறங்கின, எங்கேயும் தடுக்கவில்லை, உச்சியில் முடியில்லாத இடத்தில் சற்று நின்று ஒரு வட்டம் போட்டன, பிடரி வரைக்கும் போய்த் திரும்பி வந்தன.

"கொஞ்சம் வறண்டிருக்கு" என்றாள். "நுனிக்கு மட்டும் துளி கண்டிஷனர் போட்டாச் சரியாயிடும். நானே போட்டு விடுறேன். நீங்க டப்பா பக்கமே போகாதீங்க."

"இந்த வழுக்கை..."

"அது எனக்குத் தெரியுங்க. எத்தனை வருஷமா அதுமேலதானே கை வைக்கிறேன்."

அவருக்குக் கண் சொருகியது. இத்தனை நாள் பாக்கி வைத்திருந்த தூக்கம் மொத்தமாகக் கதவைத் தட்டியது. முதல் குறட்டை கிளம்பும் நேரத்தில் கை நின்றுவிட்டது.

"என்ன நிறுத்திட்டே?"

அவள் தன் கொண்டையிலிருந்த கிளிப்பைக் கழற்றினாள். நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் மேல் குனிந்து கிடந்த தலை. முடி தோளில் சரிந்தது. அதில் அங்கங்கே நரையும் இருந்தது. அவர் அதையும் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"ஒரு கணக்கு இருக்குங்க" என்றாள். "கல்யாணம் ஆன நாளா என் கை உங்க தலையில. உங்க கை என் தலையில எத்தனை தடவை?"

அரைவிலை எழுந்து உட்கார்ந்தார். யோசித்தார். கொள்முதலும் விற்பனையும் தேதியோடு மனப்பாடமாக இருக்கிற மண்டை அது. ரொம்ப நேரம் துழாவி, ஒன்றை வெளியே எடுத்தார்.

"ஒரு தடவை உன் தலையில ஒட்டியிருந்த நூலை எடுத்து விட்டேன்."

"நூலா? ஊசியைத் தேடிக்கிட்டிருந்தீங்க. ஊசி என் கொண்டையில இருந்துச்சு. அதை எடுக்கும்போது நூலும் கூட வந்துச்சு."

"அதையும் கணக்குல சேர்த்துக்கோ."

"சேர்த்துட்டேன். மீதியைச் சொல்லுங்க."

மீதி இல்லை. வீட்டுக்குள் இத்தனை காலம் வரவு மட்டுமே நடந்திருக்கிறது என்பதும், அதில் ஒரு பைசாகூட அவர் திருப்பியதில்லை என்பதும், விலையே பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான் என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது.

"மொத்தமா ஒரு தொகை பேசி முடிச்சுக்குவோமா?"

"முடியாது. தவணைதான். இன்னிக்கே முதல் தவணை."

அவள் திரும்பி, அவர் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். அரைவிலை தன் கையைப் பார்த்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், புதுத் துணிக்கட்டை அவிழ்க்கிறவர் மாதிரி, காதோரத்தில் மெதுவாக நுழைத்தார். ஒரு முடி அவர் மோதிரத்தில் மாட்டிக்கொண்டது. அவள் "ஸ்" என்றாள். அவர் மோதிரத்தைக் கழற்றிச் சோபா ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். அன்றைக்குக் கடைக்கு யார் வந்தார், எவ்வளவு பேசினார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீரானது.

தூக்கம் இப்போது அவரை அழுத்தியது. இடையில் ஒருமுறை கண்ணயர்ந்தார், கை நின்றது; திடுக்கிட்டு விழித்ததும் மறுபடி ஓடியது, மனசுக்குள் கணக்கும் ஓடியது. அவள் தந்தது, கல்யாணத்திலிருந்து பூனை வந்த நாள் வரை, நாள்தோறும் ஒரு மாலை. நூல் ஒன்று எடுத்தது, அதில் கழிக்க. இன்றைய மாலை, கழிக்க. மோதிரத்தில் இழுத்த ஒரு முடி, அபராதமாகச் சேர்க்க. அவர் கண்ணயர்ந்து கை நின்ற இரண்டு நிமிடம், சேர்க்க. ஆக, அரைவிலை கொடுக்க வேண்டிய நிகரப் பாக்கி: ஏறக்குறைய முழுசும்.